அத்தையின் கேள்வி

ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை எழுத விரும்புகிறவர்கள் பழைய பத்திரங்களையும் ஜாதகக் கட்டுகளையும் தேடிப் பெட்டியைக் குடைய வேண்டியதில்லை. வீட்டில் உள்ளவர்களை வரிசையாக உட்கார வைத்துத் தோளைக் காட்டச் சொன்னால் போதும். என் தகப்பனாரைப் பெற்ற பாட்டிக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சிறு வயதில் வைசூரி கண்டபோது அவள் பிழைப்பாள் என்று யாரும் நினைக்கவில்லையாம். அவளுடைய பிள்ளைகளுக்கு முகம் சுத்தமாக இருந்தது. அதற்குப் பதிலாகத் தோளுக்குக் கீழே காலணா அகலத்துக்கு, அம்மை குத்திய வடு. எனக்கு அந்த வடுவும் இல்லை. பெரியம்மை உலகத்தை விட்டு ஒழிந்தது என்று 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி உலக சுகாதார சபை அறிவித்தது. நான் அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தவன். என் இடது தோளில் இருப்பது மிளகளவு பி.ஸி.ஜி. தழும்பு ஒன்றுதான். என் மகளுக்கும் அப்படியே.

கொரோனாவுக்காகப் போட்ட ஊசியோ அந்த மிளகளவு அடையாளத்தைக்கூட வைக்கவில்லை. என் அத்தைக்கு அதில் இருந்த பல ஆட்சேபங்களில் இதுவும் ஒன்று.

அத்தை மாகறலில் இருக்கிறாள். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், சேயாற்றங்கரையில் உள்ள ஊர் அது. திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். அந்தப் பதிகத்தை ஓதினால் வினையும் வியாதியும் விலகும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. உடம்பு சரியில்லாதவர்கள் வெளியூரிலிருந்தும் வந்து மாகறலீசுவரரைத் தரிசித்துவிட்டுப் போவார்கள். ஆகவே, வியாதி என்பது மனிதனை எவ்வளவு தூரம் நடக்க வைக்கும் என்பதை எங்கள் ஊராருக்கு யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்ததும் அத்தை செய்த முதல் காரியம், வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகியதுதான். பட்டணத்து உறவினர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகிவிட்டால் வேற்றாள் உள்ளே வரக் கூடாது. அந்த வீட்டார் பிறத்தியார் வீட்டுக்குப் போகக் கூடாது. தலைக்குத் தண்ணீர் விட்டு, அம்மாளை வழியனுப்பிய பிறகுதான் ஊரோடு கலக்கலாம். பக்தி என்று சொல்லுங்கள், பயம் என்று சொல்லுங்கள். காரியத்தில் அதற்குப் பெயர் தனிமைப்படுத்தல். சர்க்கார் மைக் வைத்துக் கத்தியதை அத்தை வேப்பிலையால் சொன்னாள். நாங்கள் எல்லாரும் கடைக்கும் மார்க்கெட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தபோது அவள் மூன்று மாதம் வாசற்படி தாண்டவில்லை.

ஊசி வந்தபோதுதான் தகராறு ஆரம்பமாயிற்று. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தேதியிலிருந்து அறுபது வயதானவர்களுக்குப் போடலானார்கள். அத்தைக்கு அப்போது எழுபத்து மூன்று. "இப்ப என்ன அவசரம்" என்று தள்ளிப் போட்டாள். ஏப்ரல் மாதம் நடிகர் விவேக், மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று பகிரங்கமாக ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் நெஞ்சு வலி வந்து விழுந்தார். 17ஆம் தேதி காலமானார். இருதயத்தின் பெரிய ரத்தக் குழாய் ஒன்று முழுக்க அடைபட்டிருந்தது என்றும், ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் டாக்டர்கள் சொன்னார்கள். பிற்பாடு அதை ஆராய்ந்த மத்திய நிபுணர் குழுவும் அவ்வாறே முடிவு செய்தது. ஆனால் குழுவின் முடிவு அக்டோபரில் வந்தது. வதந்தி அன்று மத்தியானமே மாகறலுக்கு வந்துவிட்டது.

மே மாதம் இரண்டாவது அலை. அத்தையின் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு நெசவாளி, ஐம்பது வயதுக்காரர், ஒன்பது நாளில் போய்விட்டார். உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அத்தை அசையவில்லை. டெலிபோனில் என் தம்பி அதட்டினான். என் மனைவி கெஞ்சினாள். கடைசியில் ஜூலை மாதம் நான் புறப்பட்டுப் போனேன்.

என்னைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அத்தை, "ஊசிக்குத்தானே வந்திருக்கே? உன் பாட்டி ஒளிச்சு வெச்ச கதை தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது.

அத்தைக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாளாம். அத்தைக்கு மூன்று வயது, அவளுக்கு ஆறு வயது இருக்கையில் ஊருக்கு அம்மை குத்துகிறவன் வந்தான். அந்தக் காலத்துக் கருவியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: வட்டமாகப் பல் வைத்த ஒரு முத்திரையைத் தோலில் அழுத்தித் திருகுவார்கள். குழந்தைகள் அலறும், அப்புறம் காய்ச்சல், புண், சீழ். பாட்டி மூத்தவளைத் தூக்கி நெற்குதிருக்குள் இறக்கி மூடிவிட்டாள். சின்னது இடுப்பில் இருந்ததால் தப்ப முடியவில்லை. அதற்குக் குத்திவிட்டுப் போனான். அடுத்த பங்குனியில் ஊரில் வைசூரி வந்தது. மூத்தவளை அம்மாள் எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அவள் செத்துப் போனாள் என்று ஒருநாளும் சொன்னது கிடையாதாம். அம்மாள் எடுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்வார்களாம்.

"வந்தவன் அபராதம் போடுவேன்னு மிரட்டினானாம். எதுக்குக் குத்தறான், குத்தாட்டி இன்னா ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லலியாம். எங்கம்மா சாகிற வரைக்கும் அதைத்தான் சொல்லிச்சு. நீயாவது சொல்லு தம்பி. இதைப் போட்டுக்கினா அது வராதா?"

இதுதான் அத்தையின் கேள்வி. இதற்கு நேர்மையான பதில், "வரலாம்" என்பது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பயந்துதான் படித்தவர்கள் பலரும் அப்போது சுற்றி வளைத்துப் பேசினார்கள். போட்டுக்கொண்டவர்களுக்கும் நோய் வருகிறது என்று தெரிந்ததும், கேட்டவர்கள் தங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்தார்கள்.

ஊசியைப் பற்றிய சண்டை நம் கிராமத்து ஜனங்களின் அறியாமையால் வந்தது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் சரித்திரம் படிக்க வேண்டும். ஜென்னர் 1796ஆம் ஆண்டு பசுவின் அம்மைப் பாலை ஒரு சிறுவன் கையில் வைத்துக் காட்டினார். அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கி இங்கிலாந்தில் 1853ஆம் ஆண்டு சட்டம் வந்தது. அதை எதிர்த்து 1885இல் லெஸ்டர் நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள். மனச்சாட்சி இடம் கொடுக்காதவர்களுக்கு விலக்கு உண்டு என்று 1898இல் அந்தச் சட்டத்தையே தளர்த்த வேண்டியதாயிற்று. காந்தியடிகளும் அம்மை குத்துவதை ஒப்புக்கொள்ளாதவர்தான்.

நம் பக்கத்தில் இதற்கு வேறு விதமான வைத்தியமும் நடந்திருக்கிறது. திருக்குறளில் ஈடுபாடு கொண்ட எல்லிஸ் துரையை வாசகர்கள் அறிவார்கள். சென்னையில் கலெக்டராக இருந்த அவர், அம்மைப் பால் வைத்துக்கொள்ள ஜனங்கள் தயங்குவதைக் கண்டு, சக்திக்கும் தன்வந்திரிக்கும் நடக்கிற உரையாடலாக அதன் பெருமையைச் சொல்லும் ஒரு கதையை இயற்றினார். புராணம் என்று நம்பியாவது கையை நீட்ட மாட்டார்களா என்ற நல்ல எண்ணம். அவருடைய இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மிரட்டலைப் போலவே இந்தக் கதையும் ஜனங்களின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உதாரணம் தொண்டையார்பேட்டையில் இருக்கிறது. அங்கேயுள்ள தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் பெரியம்மை நோயாளிகளை வருஷக்கணக்கில் பார்த்துக் கணக்கு எழுதி வைத்தார். ஏறக்குறைய 7,000 நோயாளிகள். முன்னால் அம்மை குத்திக்கொள்ளாதவர்களில் நூற்றுக்கு 35 பேர் இறந்தார்கள்; குத்திக்கொண்டும் நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 6 பேர். கவனியுங்கள்: குத்திக்கொண்டவர்களுக்கும் வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதற்கு மேல் வாதம் எதற்கு?

பெரியம்மையை ஒழித்தவர்கள் எல்லாரையும் குத்தி ஒழிக்கவில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. நோய் கண்ட வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த வீட்டாருக்கும் அதைச் சுற்றி உள்ளவர்களுக்கும் உடனே குத்தி, நோய் வெளியே போகாமல் வேலி கட்டினார்கள். வேப்பிலை செருகிய வீட்டைத் தேடிப் போனார்கள் என்றே சொல்லலாம். வடக்கே பீகாரும் உத்தரப் பிரதேசமும் 1974 வரையில் தத்தளித்தன. தெற்கே அதற்கு முன்பே அடங்கிவிட்டது. இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமில் காணப்பட்டார். உலகத்தில் இயற்கையாக அந்த நோய் வந்த கடைசி மனிதர் ஸோமாலியா தேசத்தில் மெர்கா என்னும் ஊரில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்காரர், அலி மாவ் மாலின். 1977ஆம் ஆண்டு. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தும் வலிக்குப் பயந்து அவர் குத்திக்கொள்ளாமல் நழுவியிருக்கிறார். பிழைத்துக்கொண்டார், பல ஆண்டுகள் கழித்து, இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்து வீடு வீடாகப் போய்த் தம் கதையைச் சொல்லித் தாய்மார்களை இணங்க வைத்தார். மிரட்டப் போனவர் அல்ல, தாமே பயந்தவர். அதனால் அவர் பேச்சு எடுபட்டது.

இவ்வளவும் ஊசிக்குச் சாதகமான பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. அது எங்கள் ஜில்லாவிலேயே நடந்தது.

க்ஷய ரோகத்துக்காக நாடெங்கும் பி.ஸி.ஜி. குத்தும் இயக்கம் 1950களில் மும்முரமாக நடந்தது. கிண்டியில் அதற்கென்றே மருந்து தயாரிக்கும் நிலையம் 1948இல் ஏற்பட்டிருந்தது. மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் அதன் பெரிய ஆதரவாளர். 1955இல் ராஜாஜி அதை எதிர்த்துக் கிளம்பினார். முதல் மந்திரி பதவியை விட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நல்ல உடம்புள்ள லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு உயிருள்ள கிருமியைச் செலுத்துகிறீர்களே, இதன் பலன் நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். சிறு புத்தகம் எழுதினார், மேடையில் பேசினார். விஞ்ஞானம் அறியாதவர், பிற்போக்குவாதி என்று பலரும் அவரைச் சாடினார்கள்.

சாடுவது சுலபம்; சோதிப்பது சிரமம். அந்தச் சிரமத்தைச் சிலர் மேற்கொண்டார்கள். 1968இல் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடு ஒரு பெரிய பரிசோதனையைத் தொடங்கினார்கள். இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். சிலருக்கு மெய்யான பி.ஸி.ஜி.; சிலருக்கு வெறும் மருந்தற்ற திரவம். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு யாருக்கு க்ஷயம் வருகிறது என்று வருஷக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். ஏழரை ஆண்டுக் கணக்கு 1979, 80 வாக்கில் வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை! பதினைந்து ஆண்டுக் கணக்கும் 1999இல் அதையே உறுதி செய்தது.

இதைச் சொன்னால், "பார்த்தீர்களா, ராஜாஜி ஜெயித்தார்" என்று ஒரு கட்சியார் கை தட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். பச்சைக் குழந்தைகளின் மூளை உறையைத் தாக்குகிற க்ஷயத்தையும், உடம்பெங்கும் பரவுகிற க்ஷயத்தையும் அதே ஊசி நன்றாகத் தடுக்கிறது என்று வேறு ஆராய்ச்சிகள் காட்டின. ஆகவேதான் பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறார்கள். என் மகளின் தோளில் உள்ள மிளகளவு வடு அதுதான். ராஜாஜி கேட்ட கேள்வி நியாயமானது. கேள்விக்குப் பதில் பாதி 'இல்லை' என்றும் பாதி 'உண்டு' என்றும் வந்தது. பதினோராயிரம் பிரசங்கங்களால் தீராத விவகாரத்தை, வெயிலில் வீடு வீடாகப் போய்க் கபம் வாங்கி வந்த சிப்பந்திகள் தீர்த்து வைத்தார்கள். தங்களுக்கு அனுகூலமில்லாத முடிவை மறைக்காமல் அச்சிட்டார்களே, அந்த நேர்மைக்காகவே மற்ற ஊசிகளைப் பற்றி அவர்கள் சொல்வதை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சந்தேகப்படுவது பாவமல்ல. கொரோனா ஊசிகளில் ஒன்றான கோவாக்ஸினுக்கு, மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே 2021 ஜனவரியில் அனுமதி கொடுத்தார்கள். கேள்வி கேட்ட விஞ்ஞானிகளைத் தேச விரோதிகள் போலப் பார்த்தவர்கள் உண்டு. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அபூர்வமாக ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதும் பிற்பாடு தெரிய வந்தது. இவற்றைக் கேட்டவர்கள் மேல் தவறில்லை. ஆனால் சந்தேகத்துக்கும் ஒரு தர்மம் உண்டு. பதில் வருகிற வரையில் கேட்க வேண்டும். பதில் வந்த பிறகும் காதைப் பொத்திக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டால் அதற்குச் சந்தேகம் என்று பெயரில்லை.

அன்றைக்கு அத்தையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்:

"போட்டுக்கிட்டாலும் வரலாம் அத்தை. ஆனா வந்தா உயிருக்கு மோசம் போறது ரொம்பக் குறையும். ரெண்டு நாள் காய்ச்சல் வரும். அபூர்வமா யாருக்காவது பெரிசாவும் ஏதாவது ஆகலாம். ஆனா உங்க வயசிலே நோய் வந்து சாகிறதுக்குத்தான் வாய்ப்பு அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். இது வைசூரி மாதிரி அடியோட ஒழியாது."

"ஏன் ஒழியாது?"

நல்ல கேள்வி. வைசூரி மனிதனைத் தவிர வேறு ஜீவனிடம் தங்காது. வந்தால் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வரும். யாருக்கு வந்திருக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். கொப்புளம் வருவதற்கு முன் அநேகமாக அடுத்தவருக்குப் பரவாது. ஒரு தடவை குத்தினால் பல வருஷம் தாங்கும். கொரோனா நாலிலும் நேர் விரோதம். மிருகங்களிடமும் தங்கும், இருமல் வருவதற்கு முன்பே பரவும், வேஷத்தை மாற்றிக்கொள்ளும், ஊசியின் பலமும் மாதக்கணக்கில் குறையும். ஆகவே இதற்கு வேலி கட்டிப் பிடிக்க முடியாது. பல்லைப் பிடுங்கி விடலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2023ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி அவசர நிலை முடிந்தது என்றுதான் சொல்லிற்று. நோய் ஒழிந்தது என்று சொல்லவில்லை. 'கொள்ளை நோயை முடிப்பது' என்ற ஒரே சொல்லால் இந்த இரண்டையும் குறிப்பிட்டதால் வந்த வீண் சண்டை கொஞ்சமல்ல.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெற்றிலையை மடித்தபடி, "ஏரிக்கரை மாதிரின்னு சொல்லு" என்றாள்.

நான் சொல்ல நினைத்து வார்த்தை கிடைக்காமல் திண்டாடியதை அவள் சொல்லிவிட்டாள். பத்து மைலுக்குள் இருக்கிற உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்றைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்த விவரம் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளாக எங்கள் பக்கத்தார் அறிந்த விஷயம் இது: கரை பலமாக இருந்தால் மழை நின்றுவிடாது, வெள்ளம் ஊருக்குள் வராது. என் வீட்டுக்கு நேரே உள்ள கரையை நான் மட்டும் உயர்த்திப் பிரயோஜனமில்லை. அடுத்தவன் பங்கில் ஒரு எலி வளை இருந்தாலும் போதும். போட்ட கரையை வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

அன்றைக்கு அவள் சரி என்று சொல்லவில்லை. செப்டம்பர் 12ஆம் தேதி மாநிலம் முழுவதும் முதல் மாபெரும் முகாம் நடந்தபோது, யாரும் அழைக்காமல் தானே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய், நர்ஸம்மாவிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டுக் கையை நீட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டு மருமகள்கள் இரண்டு பேரையும் கூடவே அழைத்துப் போனாளாம். இரண்டு நாள் காய்ச்சல். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவளுக்குக் கொரோனாவும் வந்தது. ஒரு வாரம் படுத்து எழுந்தாள். ஊசியால்தான் பிழைத்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நடிகர் இறந்தது எப்படி ஊசிக்கு விரோதமான சாட்சியம் இல்லையோ, அப்படியே ஓர் அத்தை பிழைத்ததும் சாதகமான சாட்சியம் ஆகாது. சாட்சியம் தொண்டையார்பேட்டைக் கணக்கைப் போல ஆயிரக்கணக்கில் எண்ணி வர வேண்டும்.

ஆனால் என் பாட்டி மகளைக் குதிருக்குள் ஒளித்தது மூடத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கையில் ஆயுதத்தோடு வந்து காரணம் சொல்லாமல் குழந்தையைக் கேட்கிறவனிடம் எந்தத் தாய் கொடுப்பாள்? அடுத்த கொள்ளை நோய் எப்போது வருமோ தெரியாது, வராமல் இருக்காது. அன்றைக்கும் ஊசியோ மருந்தோ எதையாவது எடுத்துக்கொண்டு யாராவது கிராமத்துக்குப் போவார்கள். போகிறவர்கள் திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்து, தெரிந்ததைத் தெரியும் என்றும் 'வரலாம்' என்பதை 'வரலாம்' என்றும் சொல்லத் தயாராகப் போக வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தையும் மருந்துப் பெட்டியில் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.